கொறங்காடும் பனியன் தொழிலும்

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரத்தில், வாய்க்கால் நீர் எட்டும் இடமெல்லாம் நெல் விளைகிறது. நீர் எட்டாத மேட்டு நிலமோ மழை மறைவுப் பகுதி. அங்கு வானம் பார்த்த வெள்ளாமைதான். அந்நிலத்தில் வாழ்வதற்குக் கொங்கு உழவர்கள் கண்ட வழி கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்க விடுவர். மழைக்காலத்தில் புல்லும் கோடையில் வேலங்காயும் கால்நடைக்குத் தீனியாகும். வேலி இருப்பதால் உடன்நின்று மேய்க்க ஆள் வேண்டா. ஒரு பகுதியை மேயவிட்டு மற்றொரு பகுதிக்கு ஓய்வு தருவர். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இத்தகைய நிலத்தில்தான். விலைகொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு. தற்சார்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அவ்வட்டாரத்தில் இல்லை.

ஆயினும், தற்சார்பைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இரண்டாண்டு தொடர்ந்து மழை பொய்த்தால் கொறங்காட்டிலும் புல் இராது; மாட்டை வந்த விலைக்கு விற்க நேரும். மருத்துவச் செலவையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் எருவால் செலுத்த இயலாது. கையில் காசில்லாதவர் எவரையும் சாராதவர் அல்லர். வட்டிக்குக் கொடுப்பவரைச் சார்ந்தவர். திருக்குறளில் ‘பொருள் செயல்வகை’, ‘இரவச்சம்’ ஆகிய இரண்டு அதிகாரங்களும் பொருட்பாலிலேயே இடம்பெற்றிருப்பது இங்கு எண்ணத்தக்கது. பொருளீட்டுவதையும் பிறர் கையை எதிர்பாராதிருப்பதையும் வள்ளுவர் பகையாகக் கருதவில்லை.

அந்தக் காசைத் தேடியே சுற்றுவட்டார இளைஞர்கள் திருப்பூருக்குச் சென்றனர். விடுதலைப் போராட்டக் காலத்தில் கதருக்குப் பெயர்பெற்றிருந்த ஊர் அது. பின்னர் பனியனுக்குப் பெயர்பெற்றது. உழவர் குடும்பங்களிலிருந்து கூலிக்குச் சென்றோருள் சிலர், ஓரிரு தையல் இயந்திரங்களை வைத்து ‘ஜாப் ஒர்க்’ எடுத்துச் செய்து, நாளடைவில் முதலாளிகளாயினர். 1970-களின் இறுதியில் வேகம் பெறத் தொடங்கிய ஏற்றுமதி, 2021-22ஆம் நிதியாண்டில் 30,000 கோடி ரூபாயைக் கடந்தது. அச்செல்வத்தின் வேர் சொந்த உழைப்பு. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

ஆனால், வளர்ந்த செல்வம் பலவற்றைச் சார்ந்து நின்றது. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது; பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு நஞ்சாயிற்று. உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் நூற்றுக்கணக்கான சாய ஆலைகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கால் இயந்திரங்கள் நின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீதான வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியது. வாஷிங்டனில் இட்ட கையெழுத்து, திருப்பூர்த் தொழிலாளியின் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

இத்தகைய வாரங்களில் ஒரு வேறுபாடு வெளிப்படும். அருகருகே அமர்ந்து தைக்கும் இருவர் பெறும் கூலி ஒன்றே. ஒருவருக்கு ஊரில் சிறிது நிலமும் இரண்டு எருமைகளும் உள்ளன. மற்றவருக்கு வாடகை அறையன்றி வேறில்லை. கூலியைக் குறைத்தால், முன்னவர் வேலையை மறுத்துவிட்டு ஒரு மாதம் வீட்டில் இருக்க இயலும். பின்னவர் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வார். வங்கித் தவணைக்காக நட்டத்திற்கும் ஆர்டரை ஏற்கும் முதலாளியும் பின்னவரைப் போன்றவரே. வருவாய் எவ்வளவு என்பதைக் காட்டிலும், வேண்டாததை மறுக்க இயலுமா என்பதே ஒருவரின் மனநிறைவை மிகுதியும் முடிவு செய்கிறது. அவ்வாறு மறுக்கும் வலிமையைச் சேமித்த பணமும் தரும், சொந்த நிலமும் தரும். கடனில் எழுந்த செல்வம் தராது.

ஆகவேதான் சில குடும்பங்கள் இரண்டையும் கைவிடாமல் வைத்துள்ளன. மகன் கம்பெனி வேனில் ஏறுகிறான். தாய் பால் கறக்கிறாள். கூலி வீட்டுச் செலவுக்கு, பால் காசு சேமிப்புக்கு. சாலையோரக் கொறங்காட்டை வீட்டுமனையாக்கினால் கிடைக்கும் தொகை பெரிது. எனினும், ஒருமுறை அழித்த கிளுவை வேலியையும் புல்லையும் மீண்டும் உருவாக்கப் பல்லாண்டுகள் ஆகும் என்பதைப் பெரியவர்கள் அறிவர். மனைத்தரகர் வந்து கேட்கும்போது அவர்கள் உடனே விடை சொல்வதில்லை.