வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்: தசைக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும்?



"மேடம், உடம்பைக் குறைக்க ஆபரேஷன் இருக்காமே, அதுக்குக் குழுவுல கடன் கேட்கலாமா?" என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். மகளுக்காகக் கேட்கிறார். மகளுக்கு 31 வயது, எடை 112 கிலோ, சுகரும் பிரஷரும் இருக்கிறது. "கொழுப்பை உறிஞ்சி எடுத்துடுவாங்க" என்றார்கள் சிலர். "அய்யோ, உயிருக்கே ஆபத்து" என்றார்கள் சிலர். பெரிய கடன் விஷயம் என்பதால் எல்லாக் குழுக்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இதில் கொழுப்பை உறிஞ்சுவது கிடையாது. இரைப்பையைச் சின்னதாக்குகிறார்கள். 'ஸ்லீவ்' என்ற முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். 'பைபாஸ்' முறையில் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு பை செய்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். (இதய பைபாஸ் வேறு, இது வேறு.) உயிர் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்து பத்து கிலோ கூடுதலாக இருப்பவர்களுக்கு இதைச் செய்வதில்லை. உயரம், எடை, கூட இருக்கும் நோய் எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

சரி, தசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது கை, கால், தொடைத் தசைகள்தான். சர்க்கரை தசைக்குள் போகக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் கொழுப்பு படிந்துவிட்டால், சாவி இருந்தும் பூட்டு திறக்காது, துருப்பிடித்த பூட்டு மாதிரி. ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் சரியாவது ஈரல். சாப்பாடு குறைந்த சில நாளிலேயே அது தேறுவதால்தான், சிலருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சுகர் இறங்குகிறது. தசை அப்படி இல்லை. எடை குறையக் குறைய, மாதக் கணக்கில்தான் தேறும்.

இதயமும் ஒரு தசைதான். பெரிய உடம்புக்கு ரத்தம் அனுப்ப அதற்கு ராத்திரி பகலாகக் கூடுதல் வேலை. நாளாக ஆக அதன் சுவர் தடித்துவிடும். தடித்த சுவர் நன்றாகத் தளர்ந்து ரத்தத்தை வாங்க முடியாது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எடை இறங்கினால் பிரஷர் குறைகிறது, நாடித் துடிப்பு நிதானமாகிறது, தடித்த சுவரும் பலருக்கு மெலிகிறது. ஸ்வீடன் நாட்டில் 1987-ல் ஆரம்பித்து, ஆபரேஷன் செய்த சுமார் 2,000 பேரையும் செய்யாத சுமார் 2,000 பேரையும் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். செய்துகொண்டவர்களில் சாவு குறைவு என்று 2007-லும், மாரடைப்பு, பக்கவாதம் குறைவு என்று 2012-லும் முடிவு வெளியிட்டார்கள்.

இது வரை நல்ல செய்தி. ஆனால் குறைகிற எடை முழுக்கக் கொழுப்பு இல்லை. 40 கிலோ குறைந்தால் அதில் சுமார் 10 கிலோ, சிலருக்கு இன்னும் அதிகம், தசையும் அதோடு சேர்ந்த நீரும்தான். முதல் வருடத்தில்தான் இது அதிகம் நடக்கும். வயிறு இப்போது டீ கிளாஸ் அளவு. நாலு வாய் சோறு போட்டால் நிரம்பிவிடும், புரதத்துக்கு இடம் இருக்காது. உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். நாற்று நடவும் களை எடுக்கவும் செங்கல் சுமக்கவும் நமக்குப் பிழைப்பே தசையை வைத்துத்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிட நமக்கு இது பெரிய நஷ்டம்.

அதனால் தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம், 100 கிராம் மீன் அல்லது கோழிக்கறியில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல். சோறு கடைசி. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சமிருக்கும் ரசத்தையும் சோற்றையும் சாப்பிடுவது நம் வீட்டு வழக்கம். ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு அது கூடவே கூடாது. மாமியாரும் வீட்டுக்காரரும் இதை முன்னாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். நடந்தால் மட்டும் போதாது, தசைக்குப் பளு வேண்டும். டாக்டர் அனுமதித்த பிறகு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வாரம் இரண்டு மூன்று நாள் செய்யலாம்.

இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 மாத்திரைகள் ஆயுள் முழுக்க உண்டு. மாதவிலக்கு ஆகும் பெண்கள் விட்டால் ரத்தசோகை சீக்கிரம் வந்துவிடும். விடாமல் வாந்தி வந்தால் "ஆபரேஷன்னா அப்படித்தான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பி1 சத்து தீர்ந்து கால் மரத்துப்போகும், இதயமும் பலவீனமாகும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை போடக்கூடாது, குடலில் புண் வரும். சுகர், பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், பழைய அளவிலேயே போட்டு மயங்கி விழவும் வேண்டாம். டாக்டர் குறைத்துக் கொடுப்பார். ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம், அதனால் வேறு முறை எது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் விஷயம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போய், அங்கே செய்கிறார்களா, அட்டையில் வருமா என்று விசாரியுங்கள். அப்படியும் தனியாரிடம்தான் என்றால், கடன் மனுவில் ஆபரேஷன் செலவோடு முதல் வருட மாத்திரை, ரத்தப் பரிசோதனை, முட்டை, பால், வேலைக்குப் போக முடியாத வாரங்களின் கூலி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தவணையைப் போடும்போது அந்த வாரங்களையும் கணக்கில் வைத்துப் போடுங்கள்.