வண்டிக்கு விலங்கு போடுங்க! ‘கட்டர்’ ஆசாமிகளுக்கு மசியாத சங்கிலி எது?

காலை வேளையில் போலீஸ் நிலையத்துக்குப் போனால் இப்படி ஒருவரை அடிக்கடி பார்க்கலாம். கையில் ஹெல்மெட் இருக்கும். சட்டைப் பையில் சாவி இருக்கும். வண்டி இருக்காது!

“ராத்திரி வாசல்லதான் சார் விட்டேன். ஹேண்டில் லாக் போட்டிருந்தேன். காலைல பால் வாங்க எழுந்து பார்த்தா காணோம் சார்...”

ரைட்டர் தலை நிமிராமல் கேட்பார். “செயின் ஏதும் போட்டிருந்தீங்களா?”

“போட்டேன் சார். பிளாட்பாரத்துல வாங்கினது...”

அதோடு பேச்சு முடிந்துவிடும். வெட்டுப்பட்ட செயின் வாசலில் கிடக்கும். வண்டி எந்தப் பட்டறையில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்!

திருட்டுப் போனது வண்டி மட்டும் அல்ல. தவணை கட்டி முடியாத வண்டியாக இருந்தால், வண்டி போனாலும் தவணை போகாது. மாதம் பிறந்தால் வங்கிக்குப் பணம் போயாக வேண்டும். பஸ்சில் தொங்கிக்கொண்டே இல்லாத வண்டிக்குக் கடன் கட்டும் குமாஸ்தாக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. பெண்களின் கழுத்துச் சங்கிலியைப் பறிக்கும் பேர்வழிகள் பெரும்பாலும் சொந்த வண்டியில் வருவதில்லை. திருட்டு வண்டியில்தான் வருவார்கள். கேமராவில் நம்பர் பிளேட் விழுந்தால் போலீசார் முதலில் தட்டுவது வண்டிச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத்தான்! புகார் கொடுக்காமல் “எப்படியும் கிடைச்சிடும்” என்று இரண்டு நாள் சும்மா இருந்தவர் பாடு திண்டாட்டம்.

காலால் தள்ளும் கில்லாடிகள்

ஹேண்டில் லாக் என்பது பூட்டே அல்ல. உள்ளே சுண்டு விரல் அளவு முளை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹேண்டிலை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் காலால் ஓங்கி உதைத்தால் அது உடைந்துவிடும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடத் தேவை இல்லை. ஒருவன் ஏறி உட்காருவான். கூட்டாளி பின்னால் இன்னொரு வண்டியில் வந்து, காலை நீட்டித் தள்ளிக்கொண்டே போவான்.

நடுரோட்டில் இப்படிப் போனால் யாரும் கேட்க மாட்டார்களா? கேட்க மாட்டார்கள்! பெட்ரோல் தீர்ந்த வண்டியைச் சினேகிதன் காலால் தள்ளிப் போவது சென்னையில் தினமும் பார்க்கும் காட்சி. “பாவம், பெட்ரோல் இல்ல போல” என்று ஒதுங்கி வழி விடுவார்கள்.

ஆகவே வண்டி உருளக் கூடாது. தூக்கவும் முடியக் கூடாது. அதற்குத்தான் சங்கிலி.

மேலே மொத்தம், உள்ளே சன்னம்

கடையில் தொங்கும் செயின்களில் பலவும் செயினே அல்ல. சன்னமான கம்பிகளை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் குழாயை மாட்டி இருப்பார்கள். பார்ப்பதற்குக் கட்டை விரல் மொத்தம். பளபளப்பு வேறு. குழாயை உரித்தால் உள்ளே இருப்பது சைக்கிள் பிரேக் கம்பியின் அண்ணன்! சாதாரண கட்டரில் நூலை வெட்டுவது மாதிரி வெட்டலாம். நம்பர் போட்டுத் திறக்கும் ரகமும் இப்படித்தான். மலிவான ரகத்தில் பல்லை ஒவ்வொன்றாகத் தடவித் தடவியே நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஹெல்மெட்டைக் கட்டி வைக்க இது போதும். வண்டியைக் கட்ட இது ஆகாது.

திருடர்களின் முக்கிய ஆயுதம் கட்டர். நீண்ட கைப்பிடி, குட்டை வாய். மூன்று அடி நீளக் கட்டரின் கைப்பிடியில் ஒரு ஆள் தன் பலம் முழுவதையும் போட்டு அமுக்கினால், வாயில் டன் கணக்கில் அழுத்தம் விழும். அதைத் தாங்கத்தான் சங்கிலிக் கண்ணி தடிமனாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 6 மில்லிமீட்டர் கம்பியைவிட 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டு பங்கு பெரிசு என்று தோன்றும். அப்படி அல்ல. கட்டர் வெட்ட வேண்டிய இரும்பு நாலு பங்கு! அதனால்தான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினாலே திருடனுக்கு மூச்சு வாங்குகிறது.

பதப்படுத்திய எஃகாக இருந்தால், 8 மில்லிமீட்டர் கண்ணி அவசரத் திருடனை யோசிக்க வைக்கும். ஆனால் பெரிய கட்டருக்கு மசிந்துவிடும். 10 மில்லிமீட்டர் பரவாயில்லை ரகம். 13 மில்லிமீட்டரில் கைக் கட்டர் பெரும்பாலும் தோற்கும். 16 மில்லிமீட்டர் என்றால் கட்டரின் வாய்க்குள் நுழைவதே கஷ்டம்.

தூக்கிப் பாருங்கள்!

அப்படியானால் எல்லோரும் 16 வாங்கிவிடலாமே என்றால், அங்கேதான் சங்கடம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் சங்கிலி சுமார் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். 13 மில்லிமீட்டர் சுமார் மூன்றரை கிலோ. 16 மில்லிமீட்டர் ஐந்து கிலோவைத் தாண்டும். தூணைச் சுற்றிக் கட்ட ஒன்றரை மீட்டராவது வேண்டும். எட்டு கிலோ இரும்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போக முடியுமா? இரண்டு நாள் போவார். மூன்றாம் நாள் வீட்டிலேயே விட்டுவிடுவார்.

என்னைக் கேட்டால், பெரிய சங்கிலி வீட்டிலேயே கிடக்கட்டும். வண்டி அதிக நேரம் கேட்பாரற்று நிற்பது இரவில்தான். 13 அல்லது 16 மில்லிமீட்டர் சங்கிலியை வீட்டில் தூணோடு போட்டு வையுங்கள். சாயங்காலம் வந்ததும் மாட்டிவிட்டால் போதும். பகலில் கடைத்தெருவுக்கு 10 மில்லிமீட்டர் சங்கிலியோ, முன் டிஸ்க்கில் மாட்டும் பூட்டோ எடுத்துப் போகலாம். ஆனால் டிஸ்க் பூட்டு சக்கரம் உருள்வதை மட்டுமே தடுக்கும். குட்டி யானையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதைத் தடுக்காது! பூட்டு இருப்பதை மறந்து வண்டியை முறுக்கிக் குப்புற விழுந்தவர்களும் உண்டு. பூட்டில் இருந்து ஹேண்டில் வரை சிவப்புக் கயிறு ஒன்று கட்டி வைத்தால் மறக்காது.

அரம் சொல்லும் உண்மை

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் சங்கிலியை எடை போட்டும் கொடுப்பார்கள். “சார், இது கப்பல்காரங்க வாங்கறது, யானையையே கட்டலாம்” என்பார் கடைக்காரர். யானையைக் கட்டலாம். வாஸ்தவம்! யானை இழுக்கும், கட்டர் வைத்து வெட்டாது. இழுவையைத் தாங்குவது வேறு, வெட்டைத் தாங்குவது வேறு. சாதா இரும்புச் சங்கிலி தடிமனாக இருந்தாலும், அறுவை ரம்பத்துக்கே வழி விட்டுவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்ன அரம் போதும். “அண்ணே, ஓரத்துல ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறேன்” என்று கேளுங்கள். சாதா இரும்பு என்றால் அரம் கடிக்கும், தூள் உதிரும். நன்றாகப் பதம் ஏற்றிய எஃகு என்றால் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். மேலே பூசிய துத்தநாகப் பூச்சு மட்டும் கொஞ்சம் உரியலாம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தடிமனை அளக்கும்போது மேலே சுற்றிய துணி உறையையும் சேர்த்து அளந்து “14 மில்லிமீட்டர் சார்” என்பவர்களும் இருக்கிறார்கள். உறையைத் தள்ளிவிட்டுக் கண்ணியின் கம்பியை மட்டும் அளக்க வேண்டும்.

கண்ணிகளின் உள் இடைவெளி குறுகலாக இருப்பது நல்லது. அகலமாக இருந்தால் கடப்பாரையை நுழைத்து முறுக்குவார்கள். நீளம் அதிகம் என்று பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்து மாற்றாதீர்கள். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். அந்த ஒரு கண்ணி போதும் திருடனுக்கு.

சங்கிலி ஸ்ட்ராங், பூட்டு வீக்!

பலே சங்கிலியை வாங்கிவிட்டு, அதில் பெட்டிப் பூட்டை மாட்டுகிறவர்கள் பலர். திருடன் முட்டாள் அல்ல. எது மெலிசோ அதைத்தான் வெட்டுவான். பூட்டின் வளைவுக் கம்பி சங்கிலி அளவுக்காவது தடிமனாக இருக்க வேண்டும். வளைவு வெளியே தெரியாமல் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கும் ரகம் இன்னும் உத்தமம். கட்டரின் வாயை வைக்க இடம் கிடைக்காது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் பூட்டின் வயிற்றுக்குள் செய்யும் தந்திரத்துக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் எந்த ஊர்ப் பூட்டானாலும் வளைவுக் கம்பியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் திருடவே முடியாதா? முடியும். பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எந்தச் சங்கிலியையும் அறுத்துவிடும். “எதுவாலும் வெட்ட முடியாது” என்று எழுதி விற்றால் அது பொய். ஆனால் கிரைண்டர் கத்தும், நெருப்புப் பொறி பறக்கும். தடித்த கண்ணியை ஒரு பக்கம் அறுத்தால் போதாது, வளைத்துத் திறக்க முடியாது. மறுபக்கமும் அறுக்க வேண்டும். நடு ஜாமத்தில் அவ்வளவு நேரம் அந்தச் சத்தம் கேட்டால் தெருவே எழுந்துவிடும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சத்தத்தையும் அந்த நேரத்தையும்தான்.

எதில் கட்டுவது?

சக்கரத்தில் மட்டும் சங்கிலியைச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இரண்டு பேர் தூக்கினால் சங்கிலியும் சேர்ந்து போகும்! அசையாத ஒன்றோடு கட்டினால்தான் அது கட்டு.

முன் சக்கரத்தில் கட்டாதீர்கள். அச்சைக் கழற்றிச் சக்கரத்தை மட்டும் உங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். பின் சக்கரத்தின் ரிம்மைச் சுற்றி, அதைத் தாங்கும் இரும்புக் கையையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, இன்னொன்றின் மேல் ஏறி நின்றே அமுக்கலாம். சம்மட்டி அடிக்கும் வசதி. தொய்வு இல்லாமல் உயரத்தில் நின்றால் கைப்பலம் மட்டும்தான் உதவும்.

கான்கிரீட் தூண் நல்லது. இரும்புக் கேட் வேண்டாம். பல கேட்களைக் கீலில் இருந்து மேலே தூக்கினாலே கழன்றுவிடும். ஜன்னல் கம்பியும் வேண்டாம், அதை வெட்டுவது சங்கிலியை வெட்டுவதைவிடச் சுலபம். தண்ணீர்க் குழாயில் கட்டினால் காலையில் வண்டியும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. மின்கம்பத்தில் கட்டவே கட்டாதீர்கள். மழைக்காலத்தில் அது உயிர் விஷயம்.

தூணே இல்லாத வீடு என்றால், தடித்த கம்பியை வளைத்துத் தரையில் கான்கிரீட்டுக்குள் புதைத்து வளையம் வைக்கலாம். ஆனால் வாடகை வீடு ஆயிற்றே! “தரையைத் தோண்டாதப்பா, டைல்ஸ் போயிடும்” என்பார் வீட்டுக்காரர். அவர் வண்டியும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்பதை மெதுவாக எடுத்துச் சொன்னால் வழிக்கு வருவார். நாலு வண்டிக்கும் ஒரே வளையம் போதும்.

ராயபுரம், திருவல்லிக்கேணி மாதிரி கடலோரப் பகுதிக்காரர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. துணி உறை நனைந்தால் காயவைத்து மாட்டுங்கள். கண்ணிகளுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் துடையுங்கள். பூட்டுக்குள் கிரீஸை அடைத்தால் தூசி ஒட்டிச் சாவி சிக்கும்.

5 வருஷம் இருக்கு என்று நம்பாதீர்கள்!

“போனா போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கு” என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. 2018 செப்டம்பர் 1 முதல் புது இரு சக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் ஆயிற்று. அந்த 5 ஆண்டைப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில், வண்டி திருட்டுப் போனால் பத்துப் பைசா கிடைக்காது! திருட்டுக்குப் பணம் தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அது பல பாலிசிகளில் முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பீரோவில் இருக்கும் காகிதத்தை எடுத்து, இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

திருட்டுப் போய்விட்டால் அன்றே போலீசில் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. 2024 ஜூலை 1-க்கு முன்பு இ.பி.கோ. 379 என்றோம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை ஜெயில். வண்டி கிடைக்காவிட்டால் “கண்டுபிடிக்க முடியவில்லை” என்று போலீசார் தரும் அறிக்கையையும் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும்.

வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்று குடைவார்கள். ஆகவே மாற்றுச் சாவியைச் சீட்டுக்கு அடியிலோ டேங்க் பையிலோ ஒளித்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அது வீட்டில், பாலிசி காகிதத்தோடு இருக்கட்டும். சங்கிலிப் பூட்டின் மாற்றுச் சாவியும் அங்கேயே இருக்கட்டும். அது தொலைந்தால், காலையில் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கிரைண்டர்காரரைத் தேடி நீங்கள்தான் ஓட வேண்டி வரும்!