இணைப்பு கேட்டு எழுதும் கடிதம் ஏன் குப்பைக்குப் போகிறது?

"உங்கள் தளத்தில் எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள், எங்கள் தளத்தில் உங்களுக்கும் கொடுக்கிறோம்" என்று கேட்டு எழுதும் மின்னஞ்சலைப் பற்றிச் சில செய்திகளைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அபர்டீன் பஜாரிலும் அதைச் சுற்றியும் விடுதி, வாடகை வண்டி, படகுச் சவாரி என்று தொழில் நடத்தும் நம் குடும்பங்களில், படித்த பிள்ளைகள் கடைக்கொரு இணையத்தளம் போட்டுக் கொடுக்கிறார்கள். சென்னையையும் நம் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் திறக்கப்படும் வரை நாமெல்லாம் செயற்கைக்கோளை நம்பி இருந்தோம். ஒரு படத்தை ஏற்றிவிட்டு டீ குடித்து வந்தாலும் வேலை முடிந்திருக்காது. இப்போது அந்தத் தடை இல்லை. தளம் போட்டாயிற்று. அதை யார் வந்து பார்ப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1998இல் தொடங்கிய கூகுள், ஒரு தளத்தை எத்தனை நல்ல தளங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை வைத்து அதன் தகுதியை எடை போடும் முறையைக் கொண்டு வந்தது. பஜாரில் நாலு பெரிய கடைக்காரர் "அங்கே போங்கள், நம்பலாம்" என்று கைகாட்டினால் அந்தக் கடைக்குக் கூட்டம் வருமல்லவா, அதே கணக்குத்தான். தேடலில் நம் விடுதி மேலே வந்தால் விருந்தினர் நேரே நம்மிடம் அறை கேட்பார். இடையில் முன்பதிவு நிறுவனத்துக்குக் கமிஷன் போகாது. சிறிய விடுதிக்கு அந்தக் கமிஷன்தான் சீசன் லாபம்.

ஆகவே பிள்ளைகள் கடிதம் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் மகன், ஒரே மாலையில், விடுதியின் சொந்த முகவரியிலிருந்து இருநூறு தளங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினான். பதில் ஒன்றும் வரவில்லை. அதோடு முடிந்திருந்தால் பாதகமில்லை. அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டு எழுதியது. விடுதி அன்றைக்கே "அறை உண்டு, வாருங்கள்" என்று பதில் போட்டது. அந்தப் பதில் அவர்களுடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர்கள் வேறு இடத்தில் பணம் கட்டிவிட்டார்கள். கணினி விஷயம் என்றால் நம்மவர் சிலர் என்னைக் கூப்பிடுவார்கள் என்பதால் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அந்தக் கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லையே தம்பி, பிறகு ஏன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் வடிகட்டிகள் வார்த்தையைத்தான் பார்த்தன. முதல் ஸ்பேம் என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் சுமார் நானூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய விளம்பரம். (ஸ்பேம் என்பது டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு இறைச்சியின் பெயர், ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தியதால் இந்தத் தொல்லைக்கும் அதுவே பெயராயிற்று.) 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர், எந்தச் சொல் குப்பைக் கடிதத்தில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி நிகழ்தகவு போடும் முறையை விளக்கி எழுதினார். அது பரவலாயிற்று. உடனே குப்பைக்காரர்கள் சொற்களை உடைத்தும் எழுத்துகளை மாற்றியும் எழுதினார்கள். இன்றைக்கு வடிகட்டி சொல்லையும் பார்க்கிறது. ஆனால் அதைவிட அனுப்புகிறவர் யார், அவர் நடத்தை எப்படி என்று பார்க்கிறது. "இலவசம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும்" என்று யாராவது யோசனை சொன்னால் அது பழைய யோசனை.

யார் என்பதை எப்படி அறிகிறது? ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது பயணிகள் பட்டியல் மாதிரி: "எங்கள் தளப் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு மட்டுமே உரிமை" என்று நாமே பொதுவில் எழுதி வைப்பது. டி.கே.ஐ.எம். என்பது டிக்கெட்டில் இருக்கும் முத்திரை: கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி. டிமார்க் என்பது, இவை இரண்டும் பொருந்தாமல் ஒருவன் நம் பெயரைச் சொல்லி வந்தால் அவனை உள்ளே விடுவதா, ஓரமாக நிறுத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று நாம் கொடுத்து வைக்கும் உத்தரவு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு எழுதும் எவரும் முதலிரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். தளம் போட்டுக் கொடுத்தவரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னால் அரை மணி நேர வேலை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதைத் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி "ஷோ ஒரிஜினல்" என்பதைப் பாருங்கள். மூன்றுக்கும் எதிரே "பாஸ்" என்று இருக்க வேண்டும். அண்ணாச்சி விடுதியில் ஒன்று கூட இல்லை.

டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது, நடத்தையும் வேண்டும். மாதம் முப்பது கடிதம் அனுப்பும் முகவரி திடீரென்று ஒரு மாலையில் இருநூறு அனுப்பினால் வடிகட்டிக்குச் சந்தேகம் வரும். அதில் பாதி இல்லாத முகவரிகளிலிருந்து திரும்பி வந்தால் சந்தேகம் உறுதியாகும். விலைக்கு வாங்கும் முகவரிப் பட்டியல்களில் குப்பைக்காரரைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளும் இருக்கும். அங்கே எழுதியவர் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரியது, படித்தவர் "இது ஸ்பேம்" என்ற பொத்தானை அழுத்துவது. இப்படிப் புகார் செய்யப்படும் கடிதங்கள் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக் கூடாது என்பது பெருமளவில் அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் வைத்த எல்லை. அந்தக் கெட்ட பெயர் ஒரு கடிதத்தோடு போவதில்லை. விடுதியின் தளப் பெயரிலேயே ஒட்டிக்கொள்கிறது. மதுரைக் குடும்பத்துக்குப் போன நல்ல பதில் மாட்டிக்கொண்டது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைப்புப் பண்டமாற்று என்பதையே கூகுள் விரும்புவதில்லை. "எனக்கு நீ, உனக்கு நான்" என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும், அதற்கென்றே ஒரு பக்கம் வைத்து ஐம்பது தளங்களை அடுக்குவதும் அதன் விதிகளில் இணைப்பு மோசடியாக எழுதப்பட்டிருக்கிறது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றை அது கீழே தள்ளியது. ஆகவே அந்த இருநூறு பேரும் சம்மதித்திருந்தால்தான் அண்ணாச்சிக்கு அதிக நஷ்டம் என்பது என் கருத்து.

அப்படியானால் யாரைக் கேட்பது? உண்மையில் நம் விருந்தினருக்குப் பயன்படுகிறவரை. நம் விடுதியில் தங்கி மறுநாள் ஸ்வராஜ் தீவுக்குக் கடலில் மூழ்கிப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அங்குள்ள டைவிங் பள்ளி நம்மைச் சொல்வதும் நாம் அதைச் சொல்வதும் இயல்பானது. நமக்கு ஆளனுப்பும் சென்னை, திருச்சிப் பயண முகவர்கள் உண்டு. நம் ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதினவர்கள் உண்டு. இதில் நமக்கு ஒரு நல்ல சாக்கும் கிடைத்திருக்கிறது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகளின் பெயர் மாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய பெயரோடும் செத்துப்போன இணைப்புகளோடும் எத்தனையோ பக்கங்கள் கிடக்கின்றன. அதைத் திருத்த உதவி செய்து எழுதும் கடிதத்தை யாரும் குப்பை என்று சொல்வதில்லை. அண்ணாச்சி மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரி இது:

"வணக்கம். அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டுக்கு அருகில் விடுதி நடத்துகிறோம். நம் தீவுகளுக்குக் கப்பலில் வருவது பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை எங்கள் விருந்தினர் ஒருவர் காட்டினார். அதில் கப்பல் நேர அட்டவணைக்கான இணைப்பு இப்போது திறக்கவில்லை. புதிய முகவரி வேண்டுமானால் அனுப்புகிறேன். துறைமுகத்திலிருந்து பஜாருக்கு வரும் வழியையும் ஆட்டோக் கட்டணத்தையும் எங்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் ஒரு வரி எழுதினால் போதும், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம்."

அடியில் முழுப் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண். அவ்வளவுதான். இதில் படமோ இணைத்த கோப்போ சுருக்கிய முகவரியோ கிடையாது. இரண்டு பக்கங்களையும் அவர் தேட வேண்டாம் என்பதற்காக அவற்றின் முகவரிகளை மட்டும் முழுதாக எழுதவும். தலைப்பு வரியில் "அவசரம்", "அரிய வாய்ப்பு" எல்லாம் வேண்டாம். "உங்கள் கப்பல் பயணப் பக்கத்தில் ஒரு பழைய இணைப்பு" என்றால் போதும். பதில் எழுதத் தோன்றும்படி இருப்பது முக்கியம். பதில் வந்து நாமும் திரும்ப எழுதினால் அது இரண்டு பேர் பேசிக்கொள்வதாகிறது.

நாளுக்கு ஐந்து கடிதம், ஒவ்வொன்றும் அந்தத் தளத்தைப் படித்துப் பார்த்தபின். பி.சி.சி.யில் முகவரிகளைக் கொட்ட வேண்டாம். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு சர்வர் வழியாக அனுப்பும் குறுக்கு வழியும் வேண்டாம். மோசடிக்காரர் செய்வதும் அதுவே என்பதால் கூகுள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். யாராவது காசு கொடுத்தால் இணைப்புத் தருகிறேன் என்றால், அது விளம்பரம். அதை விளம்பர இணைப்பு என்று குறியிட வேண்டும் என்பது விதி.

ஏற்கனவே பெயர் கெட்டவர்களுக்கு: கொஞ்ச நாள் விருந்தினருக்கு மட்டும் எழுதுங்கள். அறை உறுதி செய்யும்போது தொலைபேசியிலும் சொல்லி, கடிதம் ஸ்பேமில் கிடந்தால் "ஸ்பேம் அல்ல" என்று அழுத்தச் சொல்லுங்கள். அண்ணாச்சி விடுதிக்கு நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

பதில் வராதவருக்குப் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். யாருக்கு எழுதினோம், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து, வேண்டாம் என்றவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, அந்த நோட்டைக் கடைக் கல்லாவிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அக்டோபரில் சீசன் தொடங்கும்போது, கணினி முன்னால் வந்து உட்காரும் அடுத்த பிள்ளை அவருக்கே முதலிலிருந்து எழுதுவான்.