கல்லைக் கரைக்கும் நுண்ணுயிர்



களிம்பேறிய செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. களிம்பில் இருந்த செம்பு புளியின் அமிலத்தில் கரைந்து நீரோடு போய்விடுகிறது. மலைபோல் குவிந்த கல்லிலிருந்து இவ்வாறே செம்பைக் கரைத்தெடுக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் உதவுகிறது.

நான் ரயில்வேயில் இருந்தவன். கணக்கையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். மின்சார ரயிலின் பாண்டோகிராஃப் உரசிச் செல்லும் செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 107 சதுர மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 950 கிலோ செம்பு வேண்டும். மத்தியப் பிரதேசம் மலாஞ்ச்கண்டில் இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் பெரிய சுரங்கம் இருக்கிறது. அங்கே நல்ல தாதுவிலேயே செம்பு ஏறக்குறைய 1 சதவீதம்தான். அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு 95 டன் கல். செம்பு 0.3 சதவீதமே உள்ள தாது என்றால் 300 டன்னுக்கு மேல்! அதை அரைத்து உருக்கினால் கட்டுப்படியாகாது.

1947-இல் அமெரிக்காவில் கால்மர், ஹிங்கிள் என்ற இருவர், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வழிந்த அமில நீரில் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தார்கள். இன்று அதன் பெயர் அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். இரும்பும் கந்தகமும் காற்றும் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

அது ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக மாற்றுகிறது. ஃபெரிக் இரும்பு தாதுவைத் தாக்கிச் செம்பைக் கரைத்துவிட்டு, மீண்டும் ஃபெரஸ் ஆகிறது. நுண்ணுயிர் அதை மறுபடியும் ஃபெரிக் ஆக்குகிறது. யார்டில் ஷண்டிங் எஞ்சின் வண்டிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வருவதுபோல இது நடக்கிறது.

செய்முறை எளிது. நீர் கசியாத விரிப்பின்மேல் தாதுவைக் குவித்து, மேலிருந்து நீர்த்த கந்தக அமிலம் தெளிக்கிறார்கள். அடியில் வடிவது, விவசாயிகள் அறிந்த மயில்துத்தக் கரைசல். அதில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு படியும். (மயில்துத்தம் விஷம்; பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடுதான் செய்து பார்க்க வேண்டும்.) இப்போது ஆலைகளில் கரைசலைச் சுத்திகரித்து, மின்சாரம் செலுத்திச் செம்பைப் பிரிக்கிறார்கள்.

சிலி நாட்டின் லோ அகிர்ரே சுரங்கத்தில் இம்முறை 1980-இல் தொழிலாகவே தொடங்கியது. மலாஞ்ச்கண்டின் தரம் குறைந்த தாதுவை வைத்து ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தாரும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அங்குள்ளது பெரும்பாலும் சால்கோபைரைட் தாது. அது எளிதில் கரையாது. மேற்பரப்பில் ஒரு படலம் உருவாகித் தடுக்கும். ஆகவே பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நுண்ணுயிர் நம் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. கந்தகமுள்ள கல்லைத் திறந்தவெளியில் குவித்து விட்டால், மழையும் காற்றும் பட்டு அது தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். விரிப்பும் வடிகாலும் இல்லாவிட்டால், அமிலமும் உலோகமும் கலந்த நீர் ஓடைக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். பிறகு சுண்ணாம்பு கொட்டி ஆண்டுக்கணக்கில் சரிசெய்ய வேண்டியதுதான். முறையாகக் கட்டிய குவியலிலோ அதே நீர் செம்பாக வீடு வந்து சேரும்.

பிச்சாட்டூரில் ஆரணியாறு அணையை நம்பி வாழும் நமக்கு நீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளில் யாரேனும் நாளை சுரங்கப் பொறியாளரானால், செம்பு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுவதற்கு முன், வடியும் நீர் எங்கே போகிறது என்று பார்க்கட்டும்.