செய்தித்தாளில் மடித்த கல்யாண உடை

பழனியை ஒட்டிய பாலசமுத்திரத்தில் ஒரு தையல் கடை. கடை என்று சொன்னாலும் வீட்டின் முன்திண்ணைதான். ஒரு மெஷின், ஒரு மேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய பேப்பர் கட்டு. நாம் போனபோது அந்தத் தையல்கார அக்கா துணியைத் தொடவே இல்லை. நேற்றைய செய்தித்தாளை விசிறி மடிப்பாக மடித்து, நகத்தால் அழுத்தி, ஒரு பொம்மையின் மார்பில் ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல நின்னா துணியிலயும் நிக்கும். இதுல தப்புப் பண்ணினா காசு போகாது. ஆர்கன்சாவுல தப்புப் பண்ணினா என் கூலி போயிடும்" என்றார்.

மணப்பெண் சேரிப் பகுதியின் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. கோயிலில் கல்யாணம். வெள்ளைச் சேலை வேண்டாம், கவுன்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதுவும் தொங்குகிற கவுன் இல்லை. தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக, கோபுரத்து அடுக்கு போல எழுந்து நிற்கிற கவுன். கைப்பேசியில் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி, "இது மாதிரி முடியுமாக்கா?" என்று கேட்டாளாம். "முடியாதுன்னு சொல்ல வாய் வரல" என்று அக்கா சிரித்தார்.

இந்தப் பத்தியில் வழக்கமாக நிலம், கூலி, வழக்கு, கல்விக்கடன் பற்றி எழுதுகிறோம். இந்த வாரம் ஒரு கல்யாண உடையைப் பற்றி எழுதுகிறோம். ஏன் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1930ஆம் ஆண்டு டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது; சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாயின. கல்யாணத்தில் மேளம் கூடாது என்றும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வீட்டுக் கதவைத்தான் பல்லக்காகத் தூக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஜே.எச். ஹட்டன் சாதி பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. எட்டுத் தடைகளில் எத்தனை உடம்பின் மேல் போடுகிற பொருளைப் பற்றியவை என்று படிக்கிற பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மூன்றாண்டு முன்பே, 1927 டிசம்பரில், மகாத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கிற விதத்தில் சேலை கட்டாதீர்கள், கால் மறையக் கட்டுங்கள் என்றார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் அங்கேயே சேலைக் கட்டை மாற்றினார்கள். கொசுவம் எத்தனை, முந்தானை எந்தப் பக்கம் என்பதே அன்றைக்கு அரசியலாக இருந்தது. நம் பாட்டிகள் இன்னொரு கதையும் சொல்வார்கள். தையல்காரர் தொட்டு அளவெடுக்க மாட்டார். "பழைய ரவிக்கையைத் திண்ணையில வச்சிட்டுப் போ" என்பார். அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான். நம் வீடுகளில் அதற்கு இந்தக் காரணமும் ஒன்று.

இப்போது அந்தத் திண்ணைக்கே திரும்புவோம். அக்கா நாடாவைப் பெண்ணின் தோளில் வைத்து, முதுகில் ஓட்டி, பதினெட்டு இடத்தில் அளவெடுத்து நோட்டில் எழுதியிருந்தார். இந்த மாதிரி உடைக்கு அளவு ரவிக்கை உதவாது.

தாள் மடிப்பில் என்ன இருக்கிறது? ஒரு வெள்ளைத்தாளை இரண்டு டம்ளர் மேல் பாலம் போல வையுங்கள். தொய்ந்து விழும். அதே தாளை விசிறி போல மேலும் கீழுமாக மடித்து வையுங்கள். நிற்கும், இன்னொரு டம்ளரையும் சில நேரம் தாங்கும். தாள் தடிமனாகவில்லை, மடிப்பு அதற்கு உயரம் கொடுத்திருக்கிறது. வளைய வேண்டுமானால் அந்த உயரம் முழுவதும் சேர்ந்து வளைய வேண்டும். நம் வீட்டுக் கூரைத் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் அலை அலையாக இருப்பது இதற்காகத்தான். பனையோலை பிறக்கும்போதே மடிப்போடு பிறக்கிறது. அதனால்தான் அத்தனை அகல இலை காற்றில் கிழியாமல் விரிந்து நிற்கிறது. ஓலைக் குருத்தை வெட்டி விசிறி செய்தவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேல்நோக்கி எழும் மடிப்பை மலை மடிப்பு என்றும், உள்நோக்கி இறங்குவதைப் பள்ள மடிப்பு என்றும் தாள் கலையில் சொல்வார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் தட்டையான தாள் வளைந்த கூடாகிறது. உடம்புக்கு வேண்டியதும் அதுதான். துணி தட்டை, உடம்பு தட்டை இல்லை.

இந்தக் கணக்குக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய புத்தகம் உண்டு. வருவாய்த் துறையில் வேலை பார்த்த தண்டலம் சுந்தர ராவ் 1893இல் மதராஸில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தாளை மடித்தே வடிவியல் கற்பது எப்படி என்பதுதான் பொருள். காம்பஸ் இல்லாமல் சதுரம், ஐங்கோணம், அறுகோணம் எல்லாம் மடிப்பிலேயே வந்துவிடும். குழந்தைகள் பள்ளியில் கொடுக்கிற தாள் மடிப்பு விளையாட்டிலிருந்து தமக்கு இந்த எண்ணம் வந்ததாக அவரே எழுதினார். ஜெர்மன் கணிதமேதை பெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்ட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. மதராஸில் பிறந்த புத்தகத்தை உலகம் படித்தது. நம் அரசுப் பள்ளி மாணவர்கள் பலர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

ஜப்பானில் தாள் மடிப்பைக் கலையாக உயர்த்திய அகிரா யோஷிசாவா விவசாயக் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்தபோது இளம் தொழிலாளிகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கத் தாளை மடித்தார். அங்கிருந்துதான் அவருடைய கலை வளர்ந்தது.

தாளிலிருந்து துணிக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இஸ்ஸே மியாகே. 1938இல் ஹிரோஷிமாவில் பிறந்து, ஏழு வயதில் அணுகுண்டைக் கண்ணால் கண்டவர். 2010இல் அவருடைய குழு, கணினி விஞ்ஞானி ஜுன் மிதானி உருவாக்கிய மடிப்புக் கணக்கைப் பயன்படுத்தி உடைகள் செய்தது. மேசையில் வைத்தால் நட்சத்திரம் போலத் தட்டையாகக் கிடக்கும். நடுவில் பிடித்துத் தூக்கினால் பாவாடையாக, சட்டையாக எழும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் நூல்தான் துணி. பாலியஸ்டரைச் சூடாக்கி அழுத்தினால் மடிப்பு துவைத்தாலும் போகாது. பருத்தி அப்படியில்லை; ஒரு மழையில் மறந்துவிடும்.

கட்டடம் போல உடை என்றால் ஸ்பெயின்காரர் கிறிஸ்டோபல் பலென்சியாகாவைச் சொல்வார்கள். அப்பா மீனவர், அம்மா தையல்காரி. 1967இல் அவர் செய்த ஒரு திருமண உடையில் மணி இல்லை, ஜரிகை இல்லை. விறைப்பான பட்டுத் துணி தன் பலத்திலேயே நிற்கிறது. தலைக்கு முக்காடும் அதே துணியில் குடை போலக் கவிந்திருக்கிறது.

ஆனால் அக்காவிடம் நாம் விரிவாகச் சொன்ன கதை ஆன் லோவுடையது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கிளேட்டன் என்ற ஊரில் 1898 வாக்கில் பிறந்த கறுப்பினப் பெண். பாட்டி அடிமையாகப் பிறந்தவர், நல்ல தையல்காரர். அம்மாவும் அதே தொழில். அம்மா இறந்தபோது மாநில ஆளுநர் வீட்டுக்கு ஒப்புக்கொண்ட உடைகள் பாதியில் கிடந்தன; பதினாறு வயதுப் பெண் உட்கார்ந்து தைத்து முடித்தாள். 1917இல் நியூயார்க் தையல் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளைக்கார மாணவிகள் அவரோடு உட்கார மறுத்ததால் தனி அறை. அவர் செய்த மாதிரிகள் மட்டும் வகுப்பறைக்குப் போயின, பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு! தனி டம்ளர் கண்ட நமக்குத் தனி அறை புரியாமல் போகுமா?

1953 செப்டம்பர் 12, ஜான் கென்னடிக்கும் ஜாக்குலினுக்கும் திருமணம். மணப்பெண் உடை ஆன் லோவின் கை. சுமார் ஐம்பது கஜம் தந்தநிற டஃபெட்டா பட்டு. மார்புப் பகுதியில் மடிப்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருக்கும். பாவாடை முழுக்க வட்ட வட்டமாக மடிப்பு வேலை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல் கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மணப்பெண் உடையும் தோழிகள் உடைகளும் சேர்த்துப் பத்து உடைகள் பாழ். இரண்டு மாத வேலை. ஆன் லோ வாய் திறக்கவில்லை. துணியை மறுபடி வாங்கி, ஆட்களை வைத்து, இரவு பகலாகத் தைத்தார். எழுநூறு டாலர் லாபம் வர வேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம்.

உடையைக் கொண்டுபோனபோது பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசல் இல்லையென்றால் உடை திரும்பிப் போகும் என்றார் அவர். முன்வாசல் திறந்தது. உலகமே அந்த உடையைப் பார்த்தது. தைத்தவர் பெயரைப் பெரும்பாலான பத்திரிகைகள் எழுதவில்லை. 1981இல் அவர் இறந்தார். 2023இல்தான் அவருடைய உடைகளுக்கென்றே அமெரிக்காவில் பெரிய கண்காட்சி நடந்தது. கல்யாண உடை பாஸ்டனில் கென்னடி நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அக்கா கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த நஷ்டத்தை அவங்க வீட்ல கொடுத்தாங்களா?" இல்லை, அவர் சொல்லவே இல்லை என்றோம். "சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. நமக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்வாசலைக் கேட்டு வாங்கியவர் கூலியையும் கேட்டிருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். தையல் படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் சாய்கிற முழு மடிப்புக்கு வெளியே தெரிகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று அங்குலத் துணி போகும். இடுப்பு 28 என்றால் 84 அங்குலம், அதாவது இரண்டு கஜம் 12 அங்குலம். இதைப் பேப்பரில் போடாமல் துணி வாங்கினால் பாதியில் நிற்க வேண்டும். பேப்பரில் வடிவம் வந்தபின் காடாத் துணியில் ஒருமுறை தைத்து, பெண்ணைப் போட்டு நடக்கவும் உட்காரவும் முழங்கால் போடவும் சொல்ல வேண்டும். தாள் உட்காராது, பெண் உட்காருவாள். முழங்கை, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் மடிப்பைத் தையலால் கட்டாமல் திறந்துவிட வேண்டும். தோள், மார்பு, பாவாடை ஓரத்தில் கட்டலாம். விறைப்புக்கு ரவிக்கைப் பகுதியில் கேன்வாஸ், கழுத்தில் பக்ரம், பாவாடைக்கு அடியில் கேன்-கேன் நெட். நெட் காலில் குத்தும். உள்ளே ஒரு பருத்தி லைனிங் கட்டாயம்.

வெளிநாட்டு மடிப்புக் கூடங்களில் இரண்டு அட்டைகளை ஒரே மாதிரி மடித்து, நடுவில் துணியை வைத்து, இறுக்கிக் கட்டி, ஆவியில் வைத்து எடுப்பார்கள். அக்கா கையகலத் துண்டு ஒன்றை இட்லிச் சட்டியில் வைத்துச் சோதித்திருக்கிறார். அட்டை கொஞ்சம் ஊறிவிட்டது, மடிப்பு மட்டும் நன்றாக வந்தது. "அன்னைக்கு இட்லி இல்லை, பிள்ளைங்க கத்திச்சு."

நம் ஊர்களில் இப்போது முகூர்த்தச் சேலையை முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, பெட்டி மடிப்பாகக் கொடுப்பது தனித் தொழிலாகிவிட்டது. சேலைக்குக் கொசுவம் எடுக்கத் தெரிந்த கைக்கு இந்தக் கவுன் வேலை அந்நியம் இல்லை. சின்னாளபட்டியில் சுங்குடிக்குத் துணியை மடித்து முடிச்சுப் போட்ட கைகளுக்கும் அப்படித்தான்.

பிளஸ் டூ படிக்கிற மாணவர்களுக்கு ஒரு செய்தி. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், சென்னையில் 1995 முதல் இருக்கிறது. வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான தேர்வின் ஒரு கட்டத்தில் கையில் பொருள்களைக் கொடுத்து ஒரு வடிவம் செய்யச் சொல்வார்கள். தாள் மடித்துப் பழகியவர் அங்கே தடுமாற மாட்டார். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடம்; வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வும் உண்டு. எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழிப் பிள்ளைகள் அதற்குத் தனியாகத் தயாராக வேண்டியிருப்பது அநியாயம்தான். கிறிஸ்தவ தலித் பிள்ளைகளுக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி இடம் கிடைக்காது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருப்பதால் அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். நம் மணப்பெண்ணின் தங்கைக்கு இதைத்தான் எழுதிக்கொடுத்தோம்.

தையல் தெரிந்து மெஷின் இல்லாதவர்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பற்றிக் கேட்கலாம். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கானது. பயிற்சிச் சான்று வேண்டும். திட்டம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1923இல் பிறந்து, தமிழக அமைச்சராகவும் பிறகு மத்திய அமைச்சராகவும் இருந்த தலித் தலைவர் அவர். 1974இல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சியே தொடங்கினார்.

நாம் கிளம்பும்போது மணப்பெண் வேலை முடிந்து வந்துசேர்ந்தாள். செய்தித்தாள் மேலுடையை அவள் தோளில் வைத்துப் பார்த்தார்கள். இடது தோளில் அடுக்கு நன்றாக எழுந்து நின்றது; வலது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அக்கா ஊசியை வாயில் கவ்வியபடி அந்த மடிப்பைப் பிரித்தார்.

"பேரு எங்கக்கா போடுவீங்க?" என்று கேட்டாள் பெண்.

"எதுல?"

"கவுன்ல. கடைத் துணியில எல்லாம் கழுத்துக்குப் பின்னாடி பேரு இருக்குமே."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, வெள்ளை ரிப்பனில் ஒரு சாண் வெட்டி, பென்சிலை எடுத்தார்.