பாவுக்கும் கஞ்சி, குழம்புக்கும் கஞ்சி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் வெயில் ஏறுமுன் போய் நின்று பாருங்கள். தெரு நெடுகப் பட்டு! இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவு, அதாவது புடவையின் நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டியிருக்கும். இழைகள் ஆயிரக்கணக்கில். இரு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்ததை முடிந்து, சிக்கை நீவி, கஞ்சி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கஞ்சி? நம் வீட்டு அரிசிக் கஞ்சியேதான்! நாளை யாரோ ஒரு மணப்பெண் உடுத்தப்போகும் முகூர்த்தப் புடவைக்குள் சாம்பாரைக் கெட்டியாக்கும் அதே அரிசி மாவுச்சத்து போய் உட்காருகிறது. குழம்பு கெட்டிப்படுவதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

கஞ்சிக்கு முந்தைய கதை இன்னும் ருசியானது. பட்டுப்புழு நூலை வெளிவிடும்போதே அதன்மேல் செரிசின் என்ற பிசினையும் பூசி அனுப்புகிறது. கச்சாப் பட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தப் பிசின்தான். அது போனால்தான் மினுமினுப்பு வரும், சாயம் சீராக ஏறும். ஆகவே சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய இழை பளபளக்கிறது, ஆனால் துவள்கிறது. தறியின் உரசலைத் தாங்க அதற்கு மேலே ஏதாவது வேண்டும். புழு கொடுத்த பிசினை எடுத்துவிட்டு, வயல் கொடுத்த பசையைப் பூசுகிறோம்!

சரி, கஞ்சிப் பானைக்குள்ளே எட்டிப் பார்ப்போம். அரிசி மாவுச்சத்தின் மணிகள் மிகப் பொடியானவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 200 மணிகளை வரிசையாக நிறுத்திவிடலாம். பச்சைத் தண்ணீரில் அவை அடியில் படிந்து சும்மா கிடக்கும். சூடு சுமார் 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது திடீரென்று தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. உள்ளேயிருக்கும் நீண்ட சங்கிலிகள் வெளியே கசிகின்றன. அந்த ஒரு நிமிடத்தில்தான் கரண்டி கனக்கிறது. தறிக்கும் அடுப்புக்கும் அதே நிமிடம்தான்.

மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றச் சொல்வது ஏன் என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. கொதிக்கும் குழம்பில் உலர்ந்த மாவைத் தூவினால் மேல்பரப்பு நொடியில் பசையாகி மூடிக்கொள்ளும். உள்ளே மாவு நனையாமலே இருக்கும். அதுதான் கட்டி. ஒரு லிட்டர் சாம்பாருக்கு 2 டீஸ்பூன் அரிசி மாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, இறக்கப்போகும் நேரத்தில் ஊற்றி இரண்டு கொதி விட்டால் போதும். கடைசியில் ஊற்றுவதற்கும் காரணம் உண்டு. புளியின் அமிலத்தில் நெடுநேரம் கொதித்தால் அந்தச் சங்கிலிகள் துண்டுபடும், கெட்டி இளகும். சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்குங்கள். ஆறும்போது சங்கிலிகள் மறுபடி கைகோத்து இன்னும் இறுகும்.

மோர்க்குழம்பில் நடப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த வித்தை. ஊறிய துவரம்பருப்பும் தேங்காயும் சேர்த்து அரைத்துவிடுகிறோமே, அது வெறும் கெட்டிக்காக இல்லை. தயிரைச் சூடாக்கினால் அதன் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து திரியும். பருப்பின் மாவும் புரதமும் நடுவில் புகுந்து அதைச் சேரவிடாமல் தடுக்கின்றன. கடலை மாவு கரைத்த வடநாட்டு கடியிலும் இதே வேலைதான். கூட்டுக்கு அரிசி மாவும் தேங்காயும், குருமாவுக்குப் பொட்டுக்கடலையும் கசகசாவும் என்று நம் அம்மாக்கள் பிரித்து வைத்ததில் ஒன்றுகூடத் தற்செயல் கிடையாது. ரசத்துக்கு மட்டும் எதுவும் வேண்டாம், தயவுசெய்து!

காஞ்சியின் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதத்திலும் இந்தப் பசை வித்தைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. காஞ்சிபுரம் இட்லி என்று ஊர்ப் பெயரையே சுமக்கும் அந்தக் குடலை இட்லி! பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுகிறார்கள். அவ்வளவு நேரம் அவ்வளவு உயரமான மாவு அமுங்காமல் நிற்பது உளுந்தின் வழவழப்பால். அதிலிருக்கும் ஒருவகைப் பிசினும் புரதமும் சேர்ந்து, புளிக்கும்போது உண்டாகும் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. அரிசி மாவு வெந்து இறுகும்வரை அந்தப் பிடி விடுவதில்லை.

இப்போது கடைக்குப் போய் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘நிலைப்படுத்தி 412’ என்று இருக்கலாம். பயப்படாதீர்கள், அது நம் கொத்தவரங்காய் விதை! குவார் கம் என்று உலகமே அழைக்கும் அந்தப் பொடியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, முக்கியமாக ராஜஸ்தானிலிருந்து போகிறது. இதற்குச் சூடே தேவையில்லை; குளிர்ந்த நீரிலேயே கெட்டிப்படும். ஐஸ் பரல்கள் பெரிதாகி நறநறக்காமல் பார்த்துக்கொள்ளும். லிட்டருக்கு 2, 3 கிராம் போதும். சர்க்கரையோடு கலந்து தூவுங்கள், கட்டி தட்டாது. ‘415’ என்றால் சாந்தன் கம், ஒரு பாக்டீரியா நொதித்துத் தருவது. சாஸ் பாட்டிலைக் குலுக்கியதும் இளகி, வைத்ததும் இறுகும் மாயம் இதனுடையது. சோள மாவு சூப்புக்குப் பளபளப்பு தரும். ஆனால் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தண்ணீர் பிரித்துவிடும். உறையவைக்கும் குழம்புக்கு அதை நம்பாதீர்கள். மரவள்ளி மாவில் செய்யும் சேலத்து ஜவ்வரிசி பாயசத்துக்கு. கண்ணாடிபோலத் தெளிந்து நிற்பதில் மரவள்ளியை அடிக்க ஆள் இல்லை.

நான் கடைசிக்கு வைத்திருப்பது புளியங்கொட்டை. 1943 வாக்கில், போர்க்காலத்தில், துணி ஆலைகளுக்குக் கஞ்சி போடத் தானிய மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவில் மாற்றுத் தேடியவர்கள் கண்டெடுத்தது இதன் பருப்பு மாவைத்தான். நூலுக்குப் பிரமாதமாகப் பிடித்தது. அப்புறம் அது சமையலுக்கும் வந்தது. சுத்திகரித்த புளியங்கொட்டைப் பிசின் சர்க்கரையோடு சேர்ந்தால் ஜாம் போல உறைகிறது. அமிலத்துக்கு எளிதில் இளகுவதில்லை. யோசித்துப் பாருங்கள்! அரிசிக் கஞ்சியை இளக்கும் புளிப்பு அந்தப் பழத்தின் சதையில். புளிப்பைத் தாங்கி நிற்கும் பசை அதே பழத்தின் கொட்டையில். ஜப்பானியர்கள் இதைச் சாஸிலும் ஐஸ்கிரீமிலும் வெகுநாளாகச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் புளி ஆய்ந்து கொட்டையைத் தாயம் ஆட எடுத்து வைக்கிறோம், மிச்சத்தைக் கூட்டித் தள்ளுகிறோம். புளிக்குழம்பில் முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்!