ஆய்வுக்கூடத்தில் வளரும் குடல்

பேராற்றின் குறுக்கே அணை கட்டக் கருதும் பொறியியல் வல்லுநர், முதலில் அதன் சிற்றுருவம் ஒன்றை அமைத்து, அதன்மேல் நீரைப் பாயவிட்டுப் பார்ப்பர். அமைப்பில் குற்றம் ஏதேனும் இருப்பின், அது சிற்றுருவத்திலேயே வெளிப்பட்டுவிடும். பெரும்பொருளும் மக்கள் உயிரும் காக்கப்படும். மருத்துவ ஆராய்ச்சியாளரும் இம்முறையையே மேற்கொள்கின்றனர். புதிய மருந்தொன்று நோயைத் தணிக்குமா, உடலுக்குத் தீங்கு செய்யுமா என்பதை நோயாளியின் உடலிலேயே முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பது அறமாகாது. ஆகவே, நோயின் இயல்பை ஒத்த மாதிரி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் அமைத்து, மருந்தின் ஆற்றலை அதில் அளந்தறிகின்றனர். பெருங்குடற் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு, இத்தகைய மாதிரிகள் படிப்படியாகத் திருந்திவந்த வரலாறே ஆகும்.

பெருங்குடலின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்துள்ளது. அச்சவ்வில் எண்ணற்ற நுண்குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் குருத்தணுக்கள் என்னும் உயிரணுக்கள் இருந்து, இடையறாது பிரிந்து புதிய அணுக்களைத் தோற்றுவிக்கின்றன. புதியவை குழியின் அடியிலிருந்து மேலேறி வந்து, தம் பணியை முடித்து உதிர்கின்றன. இவ்வாறு ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் சவ்வு முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. உயிரணுவின் வளர்ச்சியை ஆளும் மரபணுக்கள் சில பழுதுற்றால், இவ்வொழுங்கு குலைகிறது. உதிரவேண்டிய அணுக்கள் உதிராது பெருகிச் சிறு முளையாகத் திரள்கின்றன. அத்தகைய முளைகளுட் சில, பல்லாண்டுகளுக்குப்பின் புற்றாக மாறுகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 9 இலட்சம் பேர் இறந்தனர்.

இந்நோயை ஆராய்வதற்கு முதலிற் கிடைத்த கருவிகளுள் ஒன்று உயிரணு வளர்ப்பு ஆகும். 1964ஆம் ஆண்டில், 44 வயதுப் பெண் ஒருவரின் பெருங்குடற் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அணுக்களை, யோர்கன் ஃபோக் என்னும் ஆராய்ச்சியாளர் ஊட்டநீரில் வளர்த்தார். ‘எச்.டி.-29’ என்று பெயர் பெற்ற அவ்வணுக்களின் வழிவந்தவை இன்றும் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. இம்முறையில் செலவு குறைவு. குறுகிய காலத்தில் பல மருந்துகளைச் சோதிக்கலாம். ஆயினும், இவ்வணுக்கள் தட்டின்மீது ஒற்றைப் படலமாகப் படர்வனவே அன்றிக் குடலின் குழிகளை அமைப்பதில்லை. இரத்தக் குழாய்களும் அவற்றைச் சூழ்ந்திருப்பதில்லை. ஆதலின், தட்டில் வெற்றி பெற்ற மருந்துகள் பல நோயாளியிடம் தோல்வியுற்றன.

உயிருள்ள உடலில் கட்டி எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய, ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளை நாடினர். வேற்றுயிரின் திசு தன் உடலுள் புகுந்தால், எலியின் எதிர்ப்பாற்றல் அதனை அழித்துவிடும். ஆனால், உடலில் மயிரின்றியும் தைமசுச் சுரப்பியின்றியும் பிறக்கும் ஒருவகைச் சுண்டெலிக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. 1969ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ரிகார்ட், போவ்ல்சென் என்னும் இருவர், 74 வயது நோயாளி ஒருவரின் பெருங்குடற் புற்றை இத்தகைய எலியின் உடலில் பதித்து வளரச் செய்தனர். பின்னர் 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், குடலில் தாமாகவே பல முளைகள் தோன்றும் எலிக்குலம் ஒன்றைப்பற்றி அறிவித்தனர். அவ்வெலிகளிற் பழுதுற்றிருந்த மரபணுவே, மனிதரின் பெருங்குடற் புற்றுகளுட் பெரும்பாலானவற்றிலும் பழுதுற்றிருக்கிறது. எனினும், அவ்வெலிகளுக்குப் பெரும்பான்மையான முளைகள் சிறுகுடலிலேயே தோன்றுகின்றன. மனிதருக்கோ பெருங்குடலில் தோன்றுகின்றன. அன்றியும், எதிர்ப்பாற்றல் குன்றிய எலியிடத்தில், அவ்வாற்றலைத் தூண்டும் மருந்துகளைச் சோதித்தல் அரிது.

இங்கு மற்றொரு வினாவும் எழுகிறது. மனிதரின் நோய் தீர்க்க எத்துணை விலங்குகள் துன்புறலாம்? 1959ஆம் ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இதற்கு மூன்று நெறிகளை வகுத்தனர். இயலுமிடங்களில் விலங்குகளுக்கு மாற்றாக வேறு முறையைக் கையாளுதல், இயலாதவிடத்து விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பனவே அவை.

முதல் நெறிக்குப் பெருந்துணையாக ஒரு புதுமாதிரி தோன்றியது. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸ் என்பவரின் குழுவினர் 2007ஆம் ஆண்டில் குடற்குருத்தணுக்களைப் பிரித்தறியும் அடையாளத்தைக் கண்டனர். 2009ஆம் ஆண்டில், அக்குழுவைச் சேர்ந்த ஜப்பானிய அறிஞர் தோஷிரோ சாட்டோ, எலியின் சிறுகுடலிலிருந்து ஒற்றைக் குருத்தணுவை எடுத்து, கூழ்போன்ற பொருளில் பதித்து, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை ஊட்டினார். அவ்வோரணு பெருகி, குடலுக்குரிய குழிகளையும் பலவகை அணுக்களையும் கொண்ட சிற்றுறுப்பாக வளர்ந்தது. இதுவே ‘ஆர்கனாய்டு’ எனப்படுவது. 2011ஆம் ஆண்டில் மனிதரின் பெருங்குடலிலிருந்தும் அதன் புற்றிலிருந்தும் இவ்வாறே சிற்றுறுப்புகள் வளர்க்கப்பட்டன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரு நோயாளியின் புற்று மற்றொருவரின் புற்றைப் போன்றதன்று. ஒருவருக்குப் பயன்தரும் மருந்து மற்றவருக்கு வீணாகலாம். வீணான மருந்தும் உடலை வாட்டும். அரிய நாட்களையும் கவரும். இப்பொழுதோ, நோயாளியின் கட்டியிலிருந்தே சிற்றுறுப்புகளை வளர்த்து, மருந்துகளை அவற்றில் முன்னரே சோதிக்க இயலும். 2018ஆம் ஆண்டில் இலண்டன் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வில், சிற்றுறுப்பிற் பயன்தராத மருந்து நோயாளியிடமும் பயன்தரவில்லை. சிற்றுறுப்பிற் பயன்தந்தவற்றுட் பெரும்பாலானவை நோயாளியிடமும் பயன்தந்தன. ஆயினும், அவ்வாய்வில் ஒப்பிடப்பட்ட நோயாளிகள் சிலரே. சிற்றுறுப்பிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. எதிர்ப்பணுக்களும் இயல்பாக அமைவதில்லை. அக்குறைகளை நீக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

எந்த மாதிரியும் மனித உடலுக்கு முற்றும் ஒப்பாகாது. தட்டில் வளரும் அணு விரைவைத் தருகிறது. எலி உயிருள்ள உடலின் இயக்கத்தைக் காட்டுகிறது. சிற்றுறுப்பு தனி ஒருவரின் நோயை எடுத்துரைக்கிறது. தம் மாதிரி எவ்விடத்தில் உண்மையை ஒத்துள்ளது, எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதை ஆராய்ச்சியாளர் மறவாதிருத்தல் வேண்டும். தம் கட்டியின் சிறு பகுதியை ஆராய்ச்சிக்கென ஈந்த நோயாளிகளுட் பலர், அதன் பயனைத் தாம் நுகர்ந்தாரல்லர். அவர்கள் அளித்த கொடையே, இன்று முகமறியாத பிறருக்கு மருந்தாகும் வழியைத் திறந்துவருகிறது.